ஐசக் தொட்ட குட்டி

குழந்தையின் தலையில் அந்த வாசனை இல்லை. பாலும் பவுடரும் தேங்காயெண்ணெயும் கலந்து மூன்று மாதமாகத் தேவகிருபையின் மூக்கிலேயே குடியிருந்த மகள் இன்பத்தின் வாசனை, காலையில் கணவன் ஐசக் முதன்முதலாகத் தூக்கிக் கொஞ்சியதிலிருந்து போய்விட்டிருந்தது. குளிப்பாட்டிப் பார்த்தாள். அப்போதும் வரவில்லை.

எரிச்சலாக வந்தது. பிரசவத்துக்குக்கூட வராத மனுஷன். ஆம்பூர் தோல் கம்பெனி வேலையாகத் தென்னமெரிக்கா போனவன், வேலை முடிந்ததும் கப்பலேறி எரிமலைத் தீவொன்றில் நாள் முழுக்க மிருகங்களை வேடிக்கை பார்த்துவிட்டு, ஆற அமர நேற்றிரவுதான் வீடு திரும்பினான். இப்போது பட்டப்பகலில் ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி, சர்ச்சில் இரவல் வாங்கிய ஸ்லைடு புரொஜெக்டரில் சுவர் முழுக்கப் படம் காட்டிக்கொண்டிருந்தான். மெஷினில் தூசி கருகும் நாற்றம். அதற்கடியில் மீனும் ஈர மயிருமாக இன்னொரு நாற்றம் அறையில் ஏறிக்கொண்டே வந்தது.

கரிய பாறை. உடும்பு மாதிரி பல்லிகள். அப்புறம் ஒரு கடல்சிங்கக் குட்டி, அதன் முதுகில் ஐசக்கின் கை.

"அதுங்களுக்கு மனுஷன்னா பயமே கெடயாது. தொடக் கூடாதுன்னாங்க. நம்ம கை சும்மா இருக்குமா? தோல மடிச்சுப் பாத்தேன். இன்னா சாஃப்ட்டு தெரியுமா."

"தொட்டா இன்னா ஆவும்?"

"வாசனை மாறிடுமாம். தாய் சேத்துக்காதாம். பட்டினியிலயே செத்துப் பூடுமாம்."

"தெரிஞ்சேவா தொட்டீங்க?"

பதிலுக்கு அடுத்த படம் விழுந்தது. தாய் குட்டியை மோந்து பார்த்தது. அடுத்ததில் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அதையும் நின்னு படம் புடிச்சீங்களா?"

அந்தக் கையை முறித்துப் போடலாம் போல ஆத்திரம் வந்தது அவளுக்கு. காலையில் அதே விரல்கள்தான் குழந்தையின் தொடைத் தோலை மடித்து உருட்டிப் பார்த்தன. தொழில் புத்தி என்று சிரித்தாளே, தன்மீதும் கோபம் வந்தது.

தொட்டிலில் இன்பம் அழுதாள். அழுகை கேட்டாலே சுரக்கும் மார்பு வறண்டு கிடந்தது. பாயில் உட்கார்ந்து மடியில் கிடத்தி உச்சியில் மூக்கை வைத்தாள்.

மீன் நாற்றம்.

இது என் பிள்ளை. என் பிள்ளை. அணைத்தாள். கைகள் அவள் சொல்லைக் கேட்கவில்லை. குழந்தையைத் தரையில் தள்ளின.

"ஏய், இன்னா பண்றே?" ஐசக் எழுந்து வந்தான்.

கிட்ட வராதே என்று சொல்லத்தான் வாய் திறந்தாள். கடல்சிங்கத்தின் குரைப்பு வந்தது.

புரளக்கூடத் தெரியாத குழந்தை கவிழ்ந்தது. இரண்டு உள்ளங்கையையும் ஊன்றியது. தலையைத் தூக்கி, வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி அவளிடம் வந்தது.

தேவகிருபை காலை இழுத்துக்கொண்டாள்.