திருடு போன காய்ச்சல்

காலை ஏழு மணி. மொராவா ஆற்றங்கரை ஆஸ்பத்திரியில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த மிலுடினின் காய்ச்சல் மறுபடியும் காணாமல் போயிருந்தது.

"முப்பத்தாறரை டிகிரி. நார்மல்," என்று அவன் அக்குளிலிருந்து தெர்மாமீட்டரை உருவி நீட்டினான் இளம் சர்ஜன் போக்டான். "நீங்கதான் ஜெயிச்சீங்க, மேடம். வந்த அன்னிக்கே அறுத்துடலாம்னு நான்தான் குதிச்சேன்."

தலைமைச் சர்ஜன் டெசாங்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மிலுடின் வரும்போதே குடல்வால் வெடித்து, சுற்றிலும் சீழ்க்கட்டி பிடித்திருந்தது. அந்த வீக்கத்தில் கத்தி வைத்தால் நல்ல குடலும் கிழியும். குழாய் போட்டுச் சீழை வடித்து, மருந்தால் அடக்கிவிட்டு, பிறகு நிதானமாக அறுக்கலாம் என்பது அவள் கட்சி. ஒரே நிபந்தனை, காய்ச்சல் ஏறினால் அந்த நிமிடமே ஆபரேஷன். இதை அவள் கட்டிலருகில் நின்று எல்லோர் காதிலும் விழச் சொல்லியிருந்தாள்.

"ஜெயிச்சது இருக்கட்டும். நாடியைப் பிடி."

பிடித்த போக்டானின் முகம் மாறியது. "நூத்தி இருபதைத் தாண்டுது, மேடம்!"

"காய்ச்சலே இல்லாதவனுக்கு நாடி எதுக்கு இப்படித் தலைதெறிக்க ஓடுது?"

டெசாங்கா குனிந்தாள். நெற்றி வேர்க்காமல் வறண்டு சுட்டது, சட்டையின் அக்குள் மட்டும் நனைந்திருந்தது. ராக்கியா வாடை. அந்தப் பிளம் பழச் சாராயம் இல்லாமல் ஒருவன் நோயாளியைப் பார்க்க வந்தால்தான் அந்த ஊரில் அதிசயம். அதனால் வாடையையோ, கட்டிலருகில் பாதி காலியாக நின்ற பாட்டிலையோ யாரும் கண்டுகொள்ளவில்லை.

"பாட்டில் யாருது?"

"நான் கொடுத்ததுதான், டாக்டரம்மா. எங்க தோட்டத்துச் சரக்கு!" மிலுடினின் அண்ணன் ராட்கோ அப்போதுதான் உள்ளே நுழைந்தான். மிலுடின் ட்ரம்பெட் ஊதும் பேண்டு வாத்தியக் குழுவின் தலைவன்.

"உங்க பேண்டு போட்டி எப்போ?"

"அடுத்த மாசம். ட்ரம்பெட்டுக்கு இவனை விட்டா நாதியில்ல."

"வயித்தைக் கிழிச்சா ஊத முடியாது. அதான் காய்ச்சலை மறைச்சியா?"

"ஐயையோ! நேத்து முழுக்க நான் மலையூர்க் கல்யாணத்துல மேளம் அடிச்சேன். ஊரே சாட்சி!"

அவன் இல்லாத நேற்றும் தெர்மாமீட்டர் நார்மல்தான் காட்டியிருந்தது. ராட்கோ தப்பித்தான்.

டெசாங்கா திரும்பினாள். கட்டிலை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள் மிலுடினின் மனைவி ஸ்மில்யா.

"நீ குடிப்பியாம்மா?"

"சீ! வாயில வைக்க மாட்டேன்."

"இவருக்கு நாங்க தண்ணியே அளந்துதான் கொடுக்கிறோம். அப்போ பாதி பாட்டில் எங்கே போச்சு?"

டெசாங்கா தெர்மாமீட்டரைத் துடைத்து மிலுடினின் நாக்குக்கு அடியில் வைத்தாள். முப்பத்தொன்பதரை!

"காய்ச்சல்னா அக்குள்ல ராக்கியா தடவுறது நம்ம வீட்டு வழக்கம். அக்குள்லயே காய்ச்சலை அளக்கிறது நம்ம ஆஸ்பத்திரி வழக்கம். ரெண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இத்தனை நாள் தோணல. சாராயம் தோலைத்தான் குளிர வைக்கும், உள்ளே கொதிக்குது. தெர்மாமீட்டர் வர்றதுக்குச் சித்த முன்னாடி தடவினது நீதான், ஸ்மில்யா."

"ஆமா, நான்தான்!" ஸ்மில்யா வெடித்தாள். "காய்ச்சல் ஏறினா அறுப்பேன்னீங்களே! என் மாமனாரும் இதே குடல்வால்லதான் போனாரு. ஆபரேஷன் மேசையிலேயே போயிட்டாரு. உங்க கத்திதான் கொன்னுச்சு!"

"அவரை எப்போ கொண்டு வந்தீங்க?"

"வலி வந்து ஒரு வாரம் கழிச்சு."

"அந்த ஒரு வாரமும்?"

"ராக்கியா தடவினோம். உடம்பு தொட்டா சில்லுனுதான் இருந்துச்சு..."

"யார் தடவினது?"

ஸ்மில்யா தன் உள்ளங்கைகளையே வெறித்துப் பார்த்தாள்.

"நான்தான்," என்றாள் கடைசியில். பிறகு பதறி எழுந்தாள். "கொண்டு போங்க, டாக்டரம்மா! நிக்காதீங்க, இப்பவே கொண்டு போங்க!"

கை கழுவும்போது போக்டான் மெல்லக் கேட்டான். "காத்திருந்தது தப்பா, மேடம்?"

"இல்ல. காத்திருக்கும்போது அக்குள் தெர்மாமீட்டர்ங்கிற ஒரே ஒரு சாட்சியை நம்பினதுதான் தப்பு. கையுறையைப் போடு."

மதியம் ஆகிவிட்டது. குடலில் ஒரு துண்டை வெட்டி எடுக்கவேண்டி வந்தது. டெசாங்கா வெளியே வந்து, "பிழைச்சுட்டான்," என்றாள். ராட்கோ பாய்ந்து, ஊர் வழக்கப்படி அவள் கன்னங்களில் மாறி மாறி மூன்று முத்தம் வைத்தான்.

ஸ்மில்யா அதுவரை அழவில்லை. இப்போது சுவரில் சாய்ந்து, "மாமா... என்னை மன்னிச்சிடுங்க, மாமா..." என்று வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.