ஒன்பதாம் அடுக்கின் வாக்கு

ஒன்பதாம் அடுக்கில் வாக்கெடுப்பு காலை எட்டு மணிக்குத் தொடங்கியது. கேள்வி ஒன்றுதான். ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறு லிட்டர் தண்ணீர் என்பதைப் பன்னிரண்டாக உயர்த்தலாமா? உயர்த்தினால் முதல் அடுக்கில் முந்நூறு லிட்டர் இருநூற்று எண்பதாகக் குறையும்.

கீழடுக்கின் பங்கைக் கீழடுக்கே வாக்களித்து முடிவு செய்துகொள்ளலாம் என்பது சட்டம். மேலடுக்குகள் அதை எதிர்த்ததில்லை. தேவைப்படவில்லை.

சகாயமேரி இரண்டு ஆண்டுகள் வீடு வீடாக அலைந்து இதற்குக் கையெழுத்து வாங்கியிருந்தாள். கணவன் லூர்துசாமிக்குச் சிறுநீரகத்தில் கல். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார் மருத்துவர். எங்கிருந்து என்று சொல்லவில்லை.

வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற பக்கத்து வீட்டுப் பொன்னுரங்கம் மணிக்கட்டை நீட்டினான். தோலுக்கடியில் ஏற்றமானி ஒளிர்ந்தது. ஆண்டுக்கு ஒருவர், குலுக்கலில் தேர்வாகி, குடும்பத்தோடு முதல் அடுக்குக்குப் போவார். அந்த வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்பதை ஏற்றமானி காட்டும். ஒழுங்காக வேலை செய்தால் கூடும் என்பார்கள்.

“புள்ளி மூணுக்கா. போன வாரம் ரெண்டுதான்.”

“சரி, ஓட்டு?”

“யோசிக்கிறேன். நான் மேல போற நேரம் பாத்து அங்க தண்ணியக் குறைச்சிட்டா?”

“இருபது லிட்டர்டா. அவங்க கால் கழுவுற தண்ணி.”

“நாளைக்கு அது என் காலுதானக்கா.”

வரிசையில் சிரித்தார்கள்.

“நீயும் கையெழுத்துப் போட்டவன்தான?”

“போட்டேன். அப்ப புள்ளி ஒண்ணு இருந்துச்சு.”

லூர்துசாமி முன்பே வாக்களித்துவிட்டு, இடுப்பை அழுத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். வெளியே வந்தவர்கள் எல்லோரும் மணிக்கட்டைத் துண்டால் மூடியிருந்தார்கள். வெயிலுக்காக என்று நினைத்தாள்.

உள்ளே இரண்டு பொத்தான்கள். வேண்டும். வேண்டாம். வாக்காளர் தன் நிலையை அறிந்து முடிவெடுக்க வேண்டும் என்பதற்காக, அழுத்துவதற்கு முன் ஏற்றமானி புதுப்பிக்கப்படும். இருபது ஆண்டுகளில் அவளுக்குப் புள்ளி ஒன்றைத் தாண்டியதில்லை. இப்போது நான்கு. பதினொன்று. முப்பத்தெட்டில் நின்றது.

சேலை நுனியால் துடைத்துப் பார்த்தாள். முப்பத்தெட்டு.

முந்நூறு லிட்டர் இருந்தால் அவருக்குக் கல்லே இருக்காது. அதில் இருபது ஏன் குறைய வேண்டும்?

‘வேண்டாம்’ என்பதை அழுத்தினாள்.

வாசலைத் தாண்டியதும் எண் பழையபடி இறங்கியது. மணிக்கட்டை மூடிக்கொண்டாள்.

மதியம் திரையில் முடிவு வந்தது. எதிர்ப்பு நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு. ஆதரவு ஒன்று.

“யாருப்பா அந்தப் புண்ணியவான்?” என்றது ஒரு குரல். கூட்டம் கலைந்தது.

வீட்டுக்கு வந்ததும் லூர்துசாமி இடுப்பைப் பிடித்தபடி அவள் அருகில் உட்கார்ந்தான்.

“அந்த ஒண்ணு உன்னோடது” என்றான்.

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு நாப்பது காட்டுச்சு மேரி. உன்னையும் கூட்டிட்டுப் போயிரலாம்னு நெனச்சுட்டேன். ரெண்டு வருசம் நீ அலைஞ்சதக்கூட…”

“விடுங்க.”

அவன் தன் பங்குச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினான்.

“நீ குடி. எனக்கு அந்த யோக்கியத இல்ல.”

சகாயமேரி சொம்பைப் பார்த்தாள். எடுத்துக் குடித்தாள்.