கப்பல் நேரம்

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்துவிட்டால் நடுப்பகலில்கூடக் கும்மிருட்டுதான். முதல் நாள், இன்னும் விடியவில்லை என்று நினைத்து அவள் எட்டரை மணி வரை படுத்துக் கிடந்து, நாத்தனாரின் ஏச்சைக் கணவர் வழியாக வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். அதன் பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கப்பலின் முன்பக்கக் கேமரா காட்டும் கடல், டிவியில் ஒரு சேனலில் நாள் முழுக்க ஓடும். சத்தத்தை அடக்கி அதைப் போட்டுவிட்டுப் படுத்தால், திரை வெளுக்கும்போது பொழுது விடிந்தது என்று அர்த்தம்.

ஐந்தாம் நாள் திரை வெளுத்தபோது கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்றிருந்தது; அவளுடைய கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. பன்னிரண்டு தளம் உள்ள கப்பலில் சாப்பாட்டுக்கு ஒரு கோடி, காற்று வாங்க இன்னொரு கோடி என்று நடந்த நடை. ஓய்வெடுக்கத்தான் கூட்டிவந்தார்கள் என்பதை நினைத்தால் அவளுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. அவ்வளவு அசதி.

கதவைத் தட்டிவிட்டு நாத்தனார் உள்ளே வந்தாள். முப்பது வருடம் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கையில் அந்த நீள நோட்டு. கப்பல் பயணம் போய்வந்தவர்கள் சொன்னது, வீடியோவில் பார்த்தது எல்லாவற்றையும் எண் போட்டு அதில் எழுதி வைத்திருந்தாள். முதல் நாளே பெட்டி அறைக்கு வந்து சேராது, மாற்றுத்துணி கைப்பையில் இருக்கட்டும். கப்பல் ஆடினால் பச்சை ஆப்பிள் சாப்பிடு. லிஃப்ட்டுக்காகக் காத்திருக்காதே, இறங்குவதற்குப் படிதான் நல்லது. தினமும் காலையில் பள்ளிக்கூடப் பிரார்த்தனைக் கூட்டம் மாதிரி இரண்டு மூன்று வாசித்துக் காட்டுவாள், அண்ணனுக்கு மட்டும்.

"அண்ணா, இன்னும் கிளம்பலையா? ஒன்பது மணிக்கு மேல போனா இறங்கற வரிசை மாடிப்படி வரைக்கும் நிக்கும்."

"இவளுக்குக் கால் வீங்கியிருக்கும்மா. கொஞ்சம் பொறு, பார்க்கலாம்."

"வீங்கியிருந்தா வர வேண்டாம்னு சொல்லு. ஒருத்தருக்காக எல்லாரும் நின்னு நின்னு போக முடியாது."

பேச்சு அண்ணனோடு. இரண்டடி தள்ளிக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அண்ணிக்கு எல்லாமே அவர் வழியாகத்தான் வரும். ஒன்பது வருடமாக இந்தத் தபால் சேவை நடக்கிறது. கப்பலுக்குச் சீட்டு வாங்கியவள் நாத்தனாரின் மகள். அம்மாவுக்குப் பால்கனி அறை. மகள் வர முடியாததால் துணைக்கு மாமா. அத்தை இல்லாமல் மாமா வர மாட்டார் என்று கடைசி நேரத்தில் இவர்களுக்குக் கிடைத்தது இந்த உள்ளறை. நாத்தனாரின் கணவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாலே தலை சுற்றுகிறவர், வரவில்லை.

"நான் வரலைங்க. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க," என்றாள் அவள்.

"உன்னைத் தனியா விட்டுட்டா?" என்று இழுத்தார் கணவர்.

"சரி, நான் மட்டும் போறேன்," என்று நோட்டை மூடினாள் நாத்தனார். "கப்பல்காரங்க கூட்டிட்டுப் போற பஸ்ல ஏறினா ஒரு கொடிக்குப் பின்னாடி நாப்பது பேர் ஓடணும். நான் வாடகைக் கார் எடுத்து கலங்கரை விளக்கத்தைப் பார்த்துட்டு வந்துடுவேன். நாலரைக்குள்ள ஏறணும், அஞ்சு மணிக்குக் கப்பல் கிளம்பிடும். எல்லாம் எனக்குத் தெரியும்."

போகும்போது அண்ணியின் காலை ஒரு தடவை பார்த்தாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அப்படி இல்லை. 'அண்ணி, அண்ணி' என்று சுற்றிச் சுற்றி வந்தவள்தான் இந்த நாத்தனார். அதற்கும் ஆறு வருடம் முன்னால் மாமியார் படுக்கையில் விழுந்தபோது அண்ணி ஓர் ஆயத்த ஆடைக் கம்பெனியில், தைத்து வரும் உருப்படிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தாள். அடுத்த மாதம் சூப்பர்வைசர் ஆக்குகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். யாரும் அவளை வேலையை விடச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். விட்டுவிட்டாள். ஆறு வருடம் மாமியாரைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, ஊட்டி, ஒரு புண் வராமல் பார்த்துக்கொண்டாள்.

ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வர வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்றார். நான்கு மணி நேரப் பயணத்தூரத்தில் இருந்த நாத்தனாரை உடனே கூப்பிட அவள்தான் ஃபோனை எடுத்தாள். "பொறு," என்றார் கணவர். "அவ ஸ்கூல்ல இன்னிக்கு இன்ஸ்பெக்‌ஷன். அம்மா எத்தனை தடவை இப்படி ஆகி எழுந்திருக்கா? சாயங்காலம் வரைக்கும் பார்க்கலாம்." பஸ் டிப்போவில் டைம் கீப்பர் அவர். ஒரு வண்டியை ஒரு நிமிடம் தாமதமாக வெளியே விடாத மனிதர். வீட்டு விஷயம் என்று வந்தால் மட்டும் எதையும் நாளைக்குத் தள்ளுவார். அன்று மாமியார் இரண்டரை மணிக்கே போய்விட்டார்.

"காலையிலயே ஏன் கூப்பிடலை? யார் கூப்பிட வேண்டாம்னது?" என்று உடலின் மேல் விழுந்து கதறினாள் நாத்தனார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். தாயைப் பறிகொடுத்த அதே நாளில் இவளுக்கு அண்ணனும் இல்லாமல் போக வேண்டுமா என்று ஒரு கணம் தோன்றியது அண்ணிக்கு. "எனக்குத்தான் தோணலை," என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இந்த ஒன்பது வருடம். பிறகாவது கணவர் உண்மையைச் சொல்லுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் நல்ல வேளை பார்த்துக்கொண்டே இருந்தார்.

கப்பலில் மணி நாலே கால் ஆயிற்று. கணவனும் மனைவியும் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே துறைமுகத்தைப் பார்த்தார்கள். கைநிறையப் பைகளோடு ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். நாத்தனாரைக் காணோம்.

"வந்துடுவா. விவரமானவ," என்றார் அவர்.

நாலரைக்குக் கூட்டம் குறைந்தது. நாலே முக்காலுக்கு ஒலிபெருக்கியில் நாத்தனாரின் அறை எண்ணைச் சொல்லி, உடனே வரும்படி இரண்டு முறை அழைத்தார்கள். அண்ணி படியிறங்கி, வீங்கிய காலோடு கப்பலின் வாசலுக்குப் போய் நின்றாள். கணவர் பின்னாலேயே வந்தார். வெள்ளைச் சீருடை அதிகாரி கையில் பட்டியல். எல்லோரும் ஏறியாகிவிட்டது, ஒரே ஓர் ஆள் பாக்கி. கப்பல் ஏற்பாடு செய்த பஸ்ஸில் போனவர்கள் என்றால் காத்திருப்போம், தானாகப் போனவர்களுக்குக் காத்திருக்க முடியாது என்றார் அவர். பாஸ்போர்ட்டை எடுத்துத் துறைமுகத்தில் எங்கள் ஏஜென்ட்டிடம் கொடுத்துவிடுவோம், அடுத்த துறைமுகத்துக்கு அவர்களே விமானத்தில் வந்து சேர வேண்டும் என்றும் சொன்னார்.

கணவர் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அவள் நாத்தனாரின் அறைக்கு நடந்துவிட்டாள். பணியாளர் கதவைத் திறந்துவிட்டார். பாஸ்போர்ட், ஒரு மாற்றுத்துணி, குட்டிக் குளிர்பெட்டியிலிருந்த இன்சுலின், ஊசி. சாயங்கால ஊசி இல்லாமல் நாத்தனாரால் ஒரு வாய் சாப்பிட முடியாது. மேசையில் இருந்த இரண்டு பன்னையும் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டாள். தங்கள் அறையில் இருந்த இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டாள்.

"நான் இறங்கறேன்," என்றாள் வாசலில்.

"நீயா? நடக்கவே முடியலை, நீ எதுக்கு? பையை அவங்ககிட்ட குடுத்துடலாம். கொஞ்சம் பொறு, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு, பார்க்கலாம்..."

அவள் திரும்பினாள். குரல் உயரவில்லை. உயர்த்தத் தெம்பும் இல்லை.

"அன்னிக்கும் இதையேதாங்க சொன்னீங்க."

அவருடைய பாஸ்போர்ட்டை அவர் கையில் வைத்துவிட்டு, கப்பலுக்கும் கரைக்கும் நடுவே போட்ட சாய்பாலத்தின் கைப்பிடியைப் பிடித்து ஓர் அடி ஓர் அடியாக இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. கீழே ஏஜென்ட் ஒரு பெஞ்சைக் காட்டினார். உட்கார்ந்தாள். பாலத்தின் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்த ஆட்கள் யாரையோ பார்த்துக் கத்தினார்கள். என்னவென்று பார்த்தால், அறைக்குள் போடுகிற ரப்பர் செருப்போடு அவள் கணவர் தடதடவென்று ஓடிவருகிறார். மூச்சு வாங்க அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கப்பல் ஒரு நீண்ட ஒலி எழுப்பிவிட்டு மெல்லக் கரையை விட்டு விலகியது.

அது கரையை விட்டுக் கிளம்பிக் கால் மணி நேரம் கழித்துத்தான் வாடகைக் கார் வந்து நின்றது. இறங்கிய நாத்தனார் கடலைப் பார்த்தாள். பிறகு பெஞ்சைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, கப்பல் எங்கே போகுது? மணி நாலே கால்தானே ஆகுது..." ஃபோனை எடுத்துக் காட்டினாள். "நீ எப்படிண்ணா கீழே?" அண்ணியைப் பார்த்ததும் குரல் மாறியது. "புரிஞ்சுபோச்சு. ஊரைப் பார்க்கணும்னு இவங்க இறங்கியிருப்பாங்க. கால் வலிக்குது, உக்காரணும்னு உன்னையும் நிறுத்தி வெச்சிருப்பாங்க. அன்னிக்கு என்னை எங்கம்மாகிட்ட சேர விடலை. இன்னிக்கு உன்னைக் கப்பல்ல சேர விடலை..."

கணவர் எழுந்தார். தன் கைக்கடிகாரத்தைத் தங்கை முன்னால் நீட்டினார். அதில் ஐந்தே கால்.

"இது கப்பல் நேரம். உன் ஃபோன் கரைக்கு வந்ததும் இந்த ஊர் நேரத்துக்குத் தானா மாறிடுச்சு. ஒரு மணி நேரம் பின்னாடி."

நாத்தனார் நோட்டைத் திறக்கவில்லை. 'கரையில் இறங்கினாலும் கப்பல் நேரத்தையே பார்' என்பதுதான் பதினேழாவது குறிப்பு என்று அவளுக்கே நினைவு வந்திருக்கும். மகளோடு பேசுவதற்காகக் கரையில் ஃபோனை ஆன் செய்தவள், மணியை மட்டும் யோசிக்கவில்லை.

"இவ ஊர் பார்க்க இறங்கலை," என்றார் அவர். "கப்பல்லதான் இருந்தா. உன் மருந்தை எடுத்துக்கிட்டு உனக்காக இறங்கினா. நான் பொறுன்னு சொன்னேன், கேக்கலை. கேக்காம இருந்ததுதான் நல்லது. ஏன்னா அன்னிக்கு இவ என் பேச்சைக் கேட்டா..." பெஞ்சிலிருந்த மனைவியைப் பார்த்தார். "அம்மாவுக்கு முடியலைன்னு காலையில ஒன்பது மணிக்கே உன்னைக் கூப்பிட ஃபோனை எடுத்தது இவதான். பிடுங்கி வெச்சது நான். சாயங்காலம் பார்க்கலாம்னு சொன்னது நான். உங்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரலைம்மா. இவ தன் தலையில போட்டுக்கிட்டா."

நாத்தனார் பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். பிறகு, ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அண்ணியிடம் நேரே கேட்டாள்.

"நிஜமா?"

அண்ணி பையைத் திறந்து ஊசியை எடுத்தாள். "மொதல்ல இதைப் போட்டுக்க. பன் இருக்கு, சாப்பிடு. அப்புறம் பேசலாம்."

நாத்தனார் பெஞ்சின் முன்னால், அண்ணியின் வீங்கிய கால் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் எவ்வளவு பேசியிருக்கேன்... விசேஷத்துல நாலு பேர் முன்னாடி முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அண்ணி?"

"சொல்லியிருந்தா உனக்கு அண்ணன் இருந்திருக்க மாட்டார். எனக்கும் சொல்லணும்னு நெறைய நாள் வந்துச்சு. இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன்."

ஊசியைப் போட்டுக்கொண்டு நாத்தனார் பன்னைப் பிட்டு வாயில் வைத்தாள். மென்றுகொண்டே கண்ணீர் விட்டாள். ஏஜென்ட் வந்து, நாளைக் காலை விமானம் என்றும் இரவு தங்க அறை பார்த்திருக்கிறேன் என்றும் சொன்னார். கணவர் காகிதங்களில் கையெழுத்துப் போட எழுந்து போனார்.

இரண்டு பேரும் தனியே ஆனதும் நாத்தனார் மெதுவாகக் கேட்டாள். இத்தனை வருடமாக அவள் யாரிடமும் கேட்க முடியாத கேள்வி அது. அதைத் தெரிந்த ஒரே ஆளோடுதான் அவளுக்குப் பேச்சே இல்லை.

"அம்மா கடைசியில... என்னைக் கேட்டாங்களா?"

அண்ணி மடியிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு மணிக்குக் கண்ணைத் திறந்தாங்க. என் கையைப் பிடிச்சு, 'பாப்பா, வந்துட்டியா'ன்னாங்க. உன்னைத்தானே அப்படிக் கூப்பிடுவாங்க. நான் என்ன சொல்றதுன்னு தெரியாம... 'வந்துட்டேம்மா'ன்னு சொல்லிட்டேன். 'அவ்வளவு தூரம் தனியா வந்தியா, சாப்பிட்டியா'ன்னு கேட்டாங்க. சாப்பிட்டேன்னேன். கன்னத்தைத் தடவினாங்க. அப்படியே தூங்கற மாதிரி போயிட்டாங்க." மூச்சு விட்டாள். "நீ வந்துட்டேன்னு நெனச்சுத்தான் போனாங்க. அவங்க கணக்குல நீ லேட்டா வரலை."

நாத்தனார் விம்மினாள். "ஆறு வருஷம் தூக்கிப் பார்த்தது நீங்க. கடைசியில உங்களைக்கூட நெனைக்கலையே..."

"அதனால என்ன? தடவினது என் கன்னத்தைத்தானே."

"எந்தக் கன்னம் அண்ணி?"

அவள் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். நாத்தனார் எழுந்து பெஞ்சில் உட்கார்ந்து, அந்தக் கன்னத்தோடு தன் கன்னத்தை வைத்துக்கொண்டாள். பிறகுதான் வாய்விட்டு அழுதாள்.