அந்திப் பெரட்டு

18 அக்டோபர், சனி. இன்றைய தவறு என்னுடையது. வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டேன் என்று அண்ணனிடம் சொன்னேன். நான் பார்த்தது நேற்றையது.

டைரியில் அவ்வளவு எழுதிவிட்டு ஸ்ரீமதி பேனாவை நிறுத்தினாள். 'தவறு' என்பது கொஞ்சம் பெரிய வார்த்தையோ என்று தோன்றியது. அப்போதுதான் கேரவன் வண்டியின் கதவைத் திறந்துகொண்டு கமலேஷ் உள்ளே வந்தான். செல்போனுக்கு டவர் கிடைக்கிறதா என்று தேயிலைச் சரிவில் ஏறிப் பார்க்கப் போனவன். போன வேகத்தில் திரும்பியிருந்தான்.

"டவர் கெடச்சுதுங்களாண்ணா?"

அவன் கதவைச் சாத்திவிட்டு வந்தான். எதிர் இருக்கையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டான். விரல் நுனிகள் கறுத்திருந்தன. சேறு இல்லை. வருஷக்கணக்கில் கொழுந்து கிள்ளிக் கிள்ளித் தோலுக்குள் இறங்கிப்போன கறை.

அவள் துண்டை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டாள். அம்மா போனதிலிருந்து அவளுக்கு எதுவும் உடனே உறைப்பதில்லை. பயம்கூடப் பக்கத்து வீட்டில் அடிக்கும் காலிங் பெல் மாதிரி, வேறு யாருக்கோ என்றுதான் கேட்கும். அதற்காகத்தான் கமலேஷ் கோயமுத்தூரில் இந்த வண்டியை வாடகைக்கு எடுத்து, ஆபீசுக்கும் மாலை வகுப்புக்கும் அவளை லீவு போடவைத்து மலைக்கு அழைத்து வந்திருந்தான்.

மதியம் அவன் நன்றாகத்தான் இருந்தான். கோத்தகிரிக்குக் கீழே மூடிப்போன ஒரு டீ ஃபேக்டரியை அருங்காட்சியகமாக்கி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் காளிமுத்து, பழைய கூடைகளையும் கம்பளிகளையும் துரை உட்கார்ந்த நாற்காலியையும் காட்டிவிட்டு, கடைசியில் வெளியே இருந்த பெரிய முற்றத்துக்குக் கூட்டிவந்தார்.

"இதுதாங்க பெரட்டுக் களம். காலையில ஒருக்கா பேர் கூப்புடுவாங்க, அந்தியில ஒருக்கா. அந்தியில எல்லாரும் 'இருக்கேன்'னு சொன்னாத்தான் மலை மேல யாரும் மாட்டிக்கலைன்னு அர்த்தம். ஒருத்தர் சொல்லலைன்னாலும் அரிக்கேன் எடுத்துட்டுத் தேடப் போயிருவாங்க."

"சொல்லாம தூங்கிட்டா?" என்றான் கமலேஷ்.

"வெளையாட்டில்லைங்க. ஒருநா பேய்மழை. வீரையான்னு ஒருத்தர் இறங்கலை. முன்னாடியே ஊட்டுக்குப் போயிருப்பான், எதுக்கு வம்புன்னு கூட்டாளி ஒருத்தன் அவருக்காக 'இருக்கேன்'னுட்டான். தேட யாரும் போகலை. மேல மண்ணு சரிஞ்சு அதுக்குள்ளயே கெடந்தாரு. அன்னியிலிருந்து இங்க ஒருத்தருக்கு இன்னொருத்தர் பதில் சொல்றதில்லைங்க."

கமலேஷ் களத்தின் நடுவில் போய் நின்று, மலையைப் பார்த்துக் கைகளைக் குவித்தான். "வீரையா இருக்கேனுங்கோ!"

"அண்ணா, சும்மா இருங்கண்ணா."

"இத்தன வருசமா ஆப்சென்ட்டு, அம்மிணி. பாவம், ஒரு பிரசன்ட் போட்டு உடுவோம்."

காளிமுத்து சிரிக்கவில்லை. அதற்குள் மழை கனத்துவிட்டது. கீழ் வளைவில் மரம் விழுந்து வழி அடைபட்டதாகச் சேதி வந்தது. வண்டியைக் களத்திலேயே நிறுத்திக்கொள்ளச் சொன்னவர், கமலேஷின் முகத்தைப் பார்க்காமல் குடையை விரித்துக் குறுக்குப் பாதையில் இறங்கி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது ஆறு மணிகூட ஆகவில்லை. ஆனால் பனி வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டதில் வெளியே களமும் ஃபேக்டரியும் மலையும் ஒன்றாகக் கரைந்துபோயிருந்தன. வண்டிக் கூரையில் மழை ஓயாமல் கொட்ட, மேலே எங்கோ சில்வர் ஓக் மரம் ஒன்று முறியும் சத்தமும், ஓடையில் கல் உருண்டு வரும் சத்தமும் மாறி மாறிக் கேட்க, அதற்கெல்லாம் நடுவே, மூடிய கதவுக்குள், வாடிய கொழுந்தின் புளித்த வாசனை கனத்துக்கொண்டே வந்தது. எதிர் இருக்கையிலிருந்து வந்தது.

"அண்ணா?"

வெளியே ஒரு குரல், "லிங்கசாமி" என்றது.

"இருக்கேன்." மிக அருகில். டயருக்குப் பக்கத்தில்.

"மருதாம்பாள்."

"இருக்கேன்."

அவள் கண்ணாடியைத் துடைத்தாள். தலையில் கம்பளி போட்ட உருவங்கள் வண்டியைச் சுற்றி வரிசை வரிசையாக நின்றன. காலடியில் விளக்குகள். முகம் எதுவும் தெரியவில்லை. காளிமுத்து ஏதோ நிகழ்ச்சி ஏற்பாடு செய்திருக்கிறார் என்று நினைக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"வீரையா."

"இருக்கேன்."

கமலேஷின் வாய்தான் அசைந்தது. குரல் அவனுடையது இல்லை. மண் அடைத்த குரல்.

"கமலேஷ்."

யாரும் பேசவில்லை.

"கமலேஷ்."

விளக்குகள் தரையிலிருந்து எழுந்தன. ஒன்றன்பின் ஒன்றாகச் சரிவில் ஏறத் தொடங்கின. அவள் அண்ணனின் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். அவன் சட்டை. அவன் தாடி. இங்கேதானே உட்கார்ந்திருக்கிறான். சொல்லிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். போய்விடுவார்கள்.

"கமலேஷ்."

"இருக்காருங்க," என்றாள் ஸ்ரீமதி.

விளக்குகள் நின்றன.

அப்போதுதான் மேலேயிருந்து, மழைக்கு நடுவிலிருந்து அது கேட்டது.

"அம்மிணீ! காலு மாட்டிக்கிச்சு! அந்த வெளிச்சத்த இங்க வரச்சொல்லு! அம்மிணீ!"

அவனைத் தவிர யாரும் அவளை அப்படிக் கூப்பிடுவதில்லை.

அவள் கதவுக்குப் பாய்ந்தாள். கைப்பிடிமேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது. கறுத்த விரல்கள். ஈரம். குளிர்.

"இல்லைங்க! மேல இருக்காரு! மேல இருக்காருங்க!"

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விளக்குகள் இறங்கின. நிதானமாக. வேலை முடிந்தவர்கள் இறங்குவது போல.

"அம்மி—"

மலை ஒரு முறை உறுமியது. நீளமாக. பிறகு மழை மட்டும்.

விளக்குகள் பழைய இடத்தில் வந்து அமர்ந்தன. கம்பளிகள் அசையாமல் நின்றன. அவளுக்கு எதிரே கமலேஷின் முகம், சொல்வதைக் கேட்கும் வேலைக்காரனைப் போல, பணிவாக ஜன்னல் பக்கம் திரும்பியது.

"எல்லாரும் இறங்கியாச்சு," என்றது வெளியே குரல். "நாளைக்கு மேல்மலை. சரிஞ்ச மண்ணை மட்டம் பண்ணி, கன்னு நடணும்."