என்ன காட்டுது?

விடிஞ்சும் விடியாத நேரத்துல கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வண்டி மேல கட்டியிருந்த கயாக் படகை நான் தோள் கொடுத்து இறக்கினேன். எங்க வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு, "பார்த்து, பார்த்து"ன்னார். அவர் பிடிச்ச பாரம் அவ்வளவுதான். நான் பள்ளிக்கூடத்துல விளையாட்டு டீச்சர், கையில பலம் இருக்கு. அவர் ஆபீஸ்ல கணக்குப் பாக்கிறவர். பலமெல்லாம் வாய்லதான்.

அந்த வாரம்தான் மீன் காட்டுற மெஷின் வாங்கியிருந்தார். படகுக்கு அடியில ஒரு சின்னக் கட்டை. அது தண்ணிக்குள்ள சத்தத்தை அனுப்பும். கீழ எது இருந்தாலும் சத்தம் அதுல பட்டுத் திரும்பி வரும். எத்தனை மீட்டர் ஆழத்துல என்ன இருக்குன்னு ஸ்கிரீன்ல படமா விழும். இதை எனக்கு, எங்கம்மாவுக்கு, பேப்பர் போடறவருக்குன்னு ஒருத்தர் விடாம விளக்கியாச்சு. ஆனா மாட்டும்போது வயரை அளக்க மறந்துட்டார் மகராசன். அடிக்கட்டை பின் சீட்டுக்குக் கீழ இருக்கு. அவர் உக்கார்றது முன் சீட்டு. வயர் பாதி வழியில நின்னுடுச்சு. கடைசியில ஸ்கிரீனைத் தன் முதுகுக்குப் பின்னாடி, என் முழங்காலுக்கு நடுவுல மாட்டி வச்சார். மீன் பிடிக்கிறவர் முன்னாடி, மீனைப் பாக்கிற ஸ்கிரீன் பின்னாடி. எந்த ஊர்லயாவது நடக்குமா இது?

"அதுவும் நல்லதுக்குத்தான். நீ பார்த்துச் சொல்லு, நான் பிடிக்கிறேன்"னார், கொஞ்சங்கூடக் கூச்சமில்லாம.

எனக்குக் கடல் பைத்தியமெல்லாம் கிடையாது. அவருக்கு நீச்சல் தெரியாது. தனியா விட்டா இந்த மனுஷன் திரும்பி வரமாட்டார்னுதான் நானும் ஏறினேன். அந்த வாயாடியைப் பத்திரமா கொண்டு வந்து கரை சேர்க்கணும், எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

துடுப்புப் போடறதுலயும் அதே லட்சணம். ரெண்டு பேர் உக்கார்ற கயாக்குல முன்னாடி இருக்கிறவர் தாளம் போடணும், பின்னாடி இருக்கிறவங்க அதைப் பிடிக்கணும். இவர் தாளத்தை அந்த ஆண்டவனே வந்தாலும் பிடிக்க முடியாது. நாலு வீச்சுக்கு ஒருதரம் அவர் துடுப்பு என் துடுப்புல இடிக்கும். நடுநடுவுல குதிகாலால படகை ரெண்டு தட்டுத் தட்டுவார்.

டொக். டொக்.

"என்ன காட்டுது?"

"இருபது மீட்டர். மணல்."

டொக். டொக். "இப்ப என்ன காட்டுது?"

"உங்க தலை. வாயை மூடிட்டுப் போடுங்க."

கரை ஒரு கீத்தா மெலிஞ்சப்போ மூடுபனி இறங்குச்சு. திரும்பிடலாம்னேன். "பனியிலதான் பெரிய மீன் மேல வரும்"னார். எங்க படிச்சார்னு கேக்கலை, கேட்டா அதுக்கு ஒரு அரைமணி நேரம் பேசுவார்.

ஸ்கிரீன் முழுக்க மீன் பொம்மை நீந்திக்கிட்டு இருந்துச்சு. அது அவர் பண்ணின ஏற்பாடு. தண்ணிக்குள்ள எது தட்டுப்பட்டாலும் மெஷின் அதை மீனா வரைஞ்சு காட்டுற மாதிரி வச்சிருந்தார். நுரை போனா ஒரு மீன், குப்பை போனா ரெண்டு மீன். இந்தக் கூத்தைப் பார்த்து எரிச்சல் வந்து பொம்மையை அணைச்சேன்.

எல்லா மீனும் போயிடுச்சு. கீழ தடிப் பட்டையா கடலடி, நாற்பது மீட்டர்ல. அதுக்குக் கொஞ்சம் மேல ஒரே ஒரு கோடு.

ஒரு வாரமா அவர் என் காதுல ஓதினதுல எனக்கும் ஒரு விஷயம் தெரியும். மீன் படகைக் கடந்து போனா வில் மாதிரி வளைஞ்சு விழும். கோடா விழுந்தா அது கடந்து போகலை, நமக்கு நேர் கீழயே இருக்கு.

வேகமா துடுப்புப் போட்டேன். கோடு அப்படியே வந்துச்சு.

இடது பக்கம் திருப்பினேன். அப்புறம் வலது பக்கம்.

கோடு நகரவே இல்லை.

டொக். டொக். "என்ன காட்டுது?"

"என்னமோ நம்மகூடவே வருதுங்க. முப்பது மீட்டர்." நான் சொல்லி முடிக்கும்போதே நம்பர் மாறுச்சு. "இருபத்தஞ்சு. திரும்பிடலாம்."

"சைஸ் எவ்வளவு இருக்கும்?" குரல்ல அப்படி ஒரு பூரிப்பு. தூண்டிலை இறக்கினார்.

"பதினஞ்சு. விளையாட்டில்லைங்க. தூண்டிலைச் சுருட்டுங்க."

அப்போதான் அந்த நாத்தம் வந்துச்சு. வருஷக்கணக்கா மூடிக் கிடந்த தொட்டியைத் திறந்தா வருமே, அந்தச் சேத்து நாத்தம். காத்து நின்னுபோச்சு. தண்ணி அசையவே இல்லை.

"எட்டு."

"மேலயே வருதுடி. இரு, கண்ணாலயே பாக்கிறேன்"னு ஓரமா சாஞ்சார்.

"சாயாதீங்க. மூணு மீட்டர். ஏங்க, சொன்னாக் கேளுங்க."

நான் ஸ்கிரீனைப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை, கண்ணைக் கீழ இறக்கினேன்.

பூஜ்யம்.

படகோட மூக்கு ஒரு முழம் கீழ போயி மேல வந்துச்சு. ரெண்டு கையாலயும் படகைப் பிடிச்சுக்கிட்டேன். தண்ணியில விழுந்த சத்தம் கேக்கலை. கத்தின சத்தமும் கேக்கலை. நிமிர்ந்து பார்த்தா முன் சீட்டுல அவர் நேரா உக்காந்திருந்தார்.

தலையிலிருந்து கால் வரைக்கும் நனைஞ்சிருந்தார்.

"என்னங்க ஆச்சு?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கலை. துடுப்பை எடுத்து, கரைப் பக்கமா போட ஆரம்பிச்சார்.

ஒரு வீச்சு தப்பலை. ஒரு தடவைகூட என் துடுப்புல இடிக்கலை. பயந்துட்டார், அதான் வாயடைச்சுப் போச்சுன்னு நினைச்சேன். கரை வர்ற வரைக்கும் டொக் டொக் கேக்கவே இல்லை. வழியில ஸ்கிரீனைப் பார்த்தேன். கோடு பழையபடி அடியில, கடல் மண்ணை ஒட்டிக் கிடந்துச்சு. நாங்க நகர நகரப் பின்னாடியே வந்து, கரைக்கு முன்னாடி இருக்கிற மணல் திட்டு கிட்ட நின்னுடுச்சு.

கரையில கயாக்கை ஒத்தைக் கையால தூக்கி வண்டி மேல வச்சார்.

வீட்டுல எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். "அண்ணி, அண்ணன் எவ்வளவு பொறுப்பா மாறிட்டாரு. வாயைத் திறக்கிறதே இல்லை"ன்னு என் நாத்தனார் பூரிச்சுப் போனா. அவ கண்ணு இருக்கிற லட்சணம் அப்படி. அவர் உக்கார்ற நாற்காலி நாள் பூரா ஈரமா இருக்கிறது யாருக்கும் தெரியலை. எப்பவும் எனக்கு முதுகைக் காட்டித்தான் உக்கார்றார். நான் பின்னாடி, அவர் முன்னாடி. படுக்கையில அந்தச் சேத்து நாத்தம். கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த ஆளு பேச்சை நிறுத்த மாட்டாரான்னு வேண்டாத சாமி இல்லை. இப்ப வீடு நிசப்தமா இருக்கு, நான் ராத்திரி பூரா முழிச்சுக் கிடக்கேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை தனியா கிளம்பினேன். அவர் தடுக்கலை. கரை வரைக்கும் வந்து, அலை கால்ல படாத தூரத்துல நின்னுக்கிட்டார். அவர் தண்ணிகிட்ட வரமாட்டேங்கிறார்.

மணல் திட்டைத் தாண்டினதும் ஸ்கிரீன்ல கோடு விழுந்துச்சு. அடி மண்ணை ஒட்டி, சின்னதா. எனக்கு நேர் கீழ வந்து நின்னுச்சு. துடுப்பை மடியில வச்சுட்டு அசையாம உக்காந்தேன்.

டொக். டொக்.

என் காலுக்கு அடியில, படகுக்கு வெளியிலிருந்து. கோடு மேல வரலை, சத்தம் மட்டும் வந்துச்சு.

எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. வயரை அளக்கத் தெரியாத மனுஷன், நீச்சல் தெரியாத மனுஷன், அங்க போயும் நிறுத்தலை. நல்லாக் குனிஞ்சு, தண்ணிக்குக் கேக்கிற மாதிரி சொன்னேன்.

"பத்து மீட்டர்ங்க. ஒரே ஒரு கோடு. உங்களைத்தான் காட்டுது."

டொக். டொக்.

"இங்கதான் இருக்கேன். எங்கயும் போயிடாதீங்க."

வெயில் ஏறுற வரைக்கும் இருந்துட்டுத் திரும்பினேன். கோடு மணல் திட்டு வரைக்கும் கூட வந்து நின்னுக்கிச்சு. கரையில அவர் அதே இடத்துல, கடலைப் பார்த்தபடி நின்னுக்கிட்டிருந்தார். கயாக்கை மணல்ல இழுத்தேன். அவர் குனிஞ்சு, விரலை மடக்கி அதை ரெண்டு தட்டுத் தட்டினார். இத்தனை நாள்ல முதல் தடவையா அவர் வாய் திறந்துச்சு. அச்சு அசல் எங்க வீட்டுக்காரர் குரல்.

"என்ன காட்டுது?"

ஸ்கிரீனை அணைச்சு, கழட்டி நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டேன்.

"ஒண்ணும் காட்டலை"ன்னேன்.

அவர் மெதுவா தலையை ஆட்டினார். நம்பின மாதிரி தெரியலை.