தண்ணீரைத் தட்டும் கை

விளக்கேற்றும் நேரத்தில் நாய் காதை நிமிர்த்தியது.

ஏரிப்பக்கச் சத்தத்துக்கு ஜிம்மி காதை நிமிர்த்திப் பல மாதம் ஆகியிருந்தது. பழவேற்காட்டில் கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்கு கூப்பிட வாய் காலியாக இருக்காது. பிடித்த இறாலைப் போடும் ஓலைக்கூடையான பறியைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் நீருக்குள் நகர வேண்டும். அதனால் நாகப்பன் வாய்விட்டுக் கூப்பிட மாட்டான், உள்ளங்கையால் தண்ணீரைத் தட்டுவான். முதல் தட்டு நாய்க்கு. ஓடிப்போனால் ஓர் இறால் கிடைக்கும். அடுத்த தட்டு மனைவி ஜமுனாவுக்கு. பானையோடு முழங்கால் ஆழத்தில் போய் நின்றால் பறியை அதில் கவிழ்ப்பான்.

போன மழைக்காலத்தில் ஏரிக்குள் இறங்கியவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தார் யார் தண்ணீரைத் தட்டினாலும் ஜிம்மி ஓடியது, வெறும் வாயோடு திரும்பியது, கடைசியில் ஓடுவதையே விட்டுவிட்டது. நாய்க்கு வயிறுதானே கணக்கு.

"நாயே மறந்துட்ச்சி, ஜமுனா. நீ இன்னும் தண்ணியவே பாத்துனு கீற," என்று காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தான் அவள் அண்ணன் உதயகுமார். விடிந்ததும் மகளோடு சுண்ணாம்புக்குளத்துக்கு, அவன் வீட்டுக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். மூட்டை கட்டியாயிற்று. குழந்தை உள்ளே தூங்கியது. அதற்கு இனி அவள் மட்டும்தான்.

தப்.

நாய் இருட்டுக்குள் பாய்ந்தது. பழைய ஞாபகம்தான், வெறும் வாயோடு வந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கூரையிலிருந்து சொட்டும் நீரையும் தூரத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் உறுமலையும் கேட்டபடி, வாடைக் காற்றில் வந்த சேற்று நாற்றத்தைச் சகித்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

ஜிம்மி திரும்பியது. எதையோ மென்றது. தாடையில் இறால் மீசை ஒட்டியிருந்தது.

ஜமுனா உள்ளே காலெடுத்து வைத்தாள். கதவைச் சாத்த வேண்டும். குழந்தையைக் கட்டிக்கொண்டு படுத்துவிட வேண்டும்.

தப்.

கால் ஜில்லென்றது. குனிந்து பார்த்தாள். முழங்கால் வரை தண்ணீர். இடுப்பில் பானை. எப்போது எடுத்தாள்? எப்படி வந்தாள்? கரையில் நாய் வாலாட்டியது. வீட்டுக்குள் குழந்தை விழித்து "அம்மா" என்றது.

திரும்ப நினைத்தாள். கைகள் பானையைச் சாய்த்துப் பிடித்தன.

எதிரே நீர் விலகியது. முதலில் பறி வந்தது. நிறைய இறால். துள்ளிக்கொண்டு. பிறகு, அதைக் கடித்திருந்த பற்கள்.

பற்களைச் சுற்றி உதடுகள் இல்லை.