தணிகட்டில்

வாயிலின் நெற்றியில் எழுபத்தொன்று என்று சிவப்பாக எரிந்தது. அது விமானம் கிளம்பும் இடத்தின் எண் என்று நினைத்துக்கொண்டு மரகதவல்லி பெட்டியைத் தள்ளியபடி உள்ளே நடக்கப் பார்த்தாள். கண்ணாடிக் கதவு திறக்கவில்லை.

“நாப்பதுக்குள்ள இருந்தாத்தாம்மா தொறக்கும்,” என்றார் சீருடைக்காரர். “உங்க கலக்க எண் எழுபத்தொண்ணு. ரொம்ப அதிகம்.”

“எனக்கு ஒரு கலக்கமும் இல்ல சார். நான் நல்லாத்தான் இருக்கேன்.”

எண் எழுபத்தாறுக்கு ஏறியது.

கலக்கமானியிடம் பொய் செல்லாது. நாலடி தூரத்திலிருந்தே ஆளின் மூச்சு, விழி, நாடி, தோலின் ஈரம் அத்தனையையும் படித்து ஒரே எண்ணாகச் சொல்லிவிடும். நடுவானில் பதறி ரகளை செய்த சில பேரால் முதலில் விமானங்களுக்குத்தான் வந்தது. பிறகு பஸ் ஓட்டுநருக்கு, வாத்தியாருக்கு, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு என்று பரவி, இப்போது கல்யாண விளம்பரத்தில்கூடப் பெண்ணின் படிப்புக்குப் பக்கத்தில் கலக்க எண்ணைப் போடுகிறார்கள். இருபதுக்குள் இருக்கிற பெண்ணுக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு வருகிறார்களாம். கூத்துதான், வேறென்ன!

“நாளைக்குக் காலை ஏழேகால் விமானத்துக்கு உங்க டிக்கெட்ட மாத்திட்டேன்,” என்றார் சீருடைக்காரர். அவர் குரலில் கோபம் இல்லை. தினம் நூறு பேரிடம் சொல்கிற பேச்சு. “ராத்திரி பக்கத்துல எங்கயாவது தங்கி, நல்லா தூங்கி, தணிஞ்சு வாங்க.”

“அதுலயும் ஏத்தலன்னா?”

“அடுத்தது வெள்ளிக்கிழமைதான்.”

வெள்ளிக்கிழமை வரை மரகதவல்லியால் காத்திருக்க முடியாது. வியாழக்கிழமை காலை ஆஸ்லோவில் அவளுடைய ஒரே மகள் நிறைமதிக்குத் தலையில் அறுவை சிகிச்சை. பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார். தள்ளிப்போட்டால் அந்தப் பாதியும் இல்லை. நிறைமதியோ பிடித்த பிடியில் நிற்கிறாள்: “நீ வந்து என் கையப் புடிச்சாத்தாம்மா நான் கையெழுத்துப் போடுவேன். இல்லன்னா உள்ள போகவே மாட்டேன்.” முப்பத்தொரு வயது, கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளின் உச்சியில் ஏறிப் பழுது பார்க்கிறவள். ஊசி என்றால் மட்டும் அம்மாவின் கை வேண்டும்.

மகளின் நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது. மரகதவல்லி அதை ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. “அது” என்பாள், அவ்வளவுதான். வத்தலக்குண்டில் முப்பது வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். அரிசி தீர்ந்துபோனால் “அரிசி நெறைஞ்சிருச்சு” என்றுதான் சமையலம்மாவிடம் சொல்வாள். விளக்கை அணைக்க மாட்டாள், குளிர வைப்பாள். வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் யாராவது “போறேன்” என்று சொல்லிவிட்டால், கூப்பிட்டு நிறுத்தி, உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, “போயிட்டு வாரேன்னு சொல்லு” என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவாள். கெட்டதை வாயால் சொன்னால் அதற்கு வீட்டு வழி தெரிந்துவிடும் என்பது அவள் கணக்கு. நேற்று ராத்திரி ஊரில் பஸ் ஏறும்போதுகூட, “மகளப் பாத்துட்டு வாரேன்” என்று சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருந்தாள்.

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து, திரிசூலம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தைக் கடந்து எதிர்ப்பக்கத் தெருக்களில் அறை தேடினாள். நாலு சுவர், ஒரு கட்டில், ஒரு ஃபேன், குளிக்க ஒரு வாளித் தண்ணீர். ஒரு ராத்திரிக்கு இதற்கு மேல் மனுஷிக்கு என்ன வேண்டும்? ஆனால் தெரு முழுக்க ‘பூரண அமைதி’, ‘சலனமில்லா உறக்கம்’, ‘இருபதுக்குள் உத்தரவாதம்’ என்று பலகைகள். முதல் விடுதி ஆஸ்பத்திரி போல வெள்ளையாக இருந்தது. பெயரைக் கேட்கும் முன்னே ஒருத்தி வந்து அவள் தலைக்கு ஒரு குல்லாவை அளவு பார்த்தாள். மரகதவல்லி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

இரண்டாவது விடுதிக்காரர் உண்மையைச் சொன்னார். “வெறும் ரூம் இங்க ஒருத்தரும் தர மாட்டாங்கம்மா. வெறும் ரூம்ல படுத்தவங்க காலைல வாசல்ல அறுபது எழுபதுன்னு வாங்கிட்டுத் திரும்பி வந்து எங்க சட்டையப் புடிக்கிறாங்க. யாருக்கு வேணும் அந்த வம்பு?”

சந்தின் கடைசியில் ‘நிம்மதி இல்லம்’ இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலி, தினசரி காலண்டர், ஆணியில் தொங்கும் சாவிகள். பினாயில் வாடை வந்தது. அப்பாடா என்று மரகதவல்லிக்கு உயிர் வந்தது. இது லாட்ஜ்!

“சாதா ரூம் இருக்கும்மா,” என்றார் மேசைக்குப் பின்னால் இருந்த லாட்ஜ்காரர் அருள்தாஸ். ஐம்பது வயதிருக்கும், தூங்கி நாளான முகம். “ஆனா கட்டில் மட்டும் தணிகட்டில்தான். இப்பல்லாம் வேற கட்டிலே வர்றதில்ல. சுவிட்சப் போடலன்னா அதுவும் வெறும் கட்டில்தான், பயப்படாதீங்க.”

“போட்டா?”

“உங்கள எது போட்டு அரிக்குதோ, அத மட்டும் தூக்கத்துல எடுத்துடும். ஞாபகத்துல கை வைக்காது. எல்லாம் தெரியும், ஆனா அரிக்காது.”

“திரும்ப வேணும்னா?”

“எடுத்தது எடுத்ததுதாம்மா.”

வாசல் பக்க நாற்காலியில் ஒருவர் போனில் ஏதோ பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். மரகதவல்லி தன்னைப் பார்ப்பதைக் கண்டதும் நட்பாகத் தலையசைத்தார்.

“நானும் உங்கள மாதிரிதாங்க வந்தேன். நேத்து அறுபத்தெட்டு. இன்னிக்குப் பதினொண்ணு! ராத்திரி விமானத்துல மஸ்கட் போறேன். அப்பா தவறிட்டாரு, நான் போய்த்தான் எடுக்கணும்.”

“ஐயையோ… எப்பங்க?”

“முந்தாநேத்து. வயசானா போறதுதானே?” என்றவர் மறுபடி போனைப் பார்த்துச் சிரித்தார். “இந்தப் பூனையப் பாருங்களேன், வாளிக்குள்ள விழுந்துடுச்சு.”

மரகதவல்லி அவரை மேலும் கீழும் பார்த்தாள். அந்த ஆளின் செருப்பு புதிதாக இருந்தது, சட்டை தேய்த்திருந்தது, ஒரு குறையும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அந்தச் சுவிட்சைத் தொடவே கூடாது என்று முடிவு செய்துகொண்டு ஏழாம் எண் சாவியை வாங்கினாள்.

அறையில் கட்டில் தலைமாட்டில் ஒரு கைக் கலக்கமானி சங்கிலியில் தொங்கியது. எழுபத்துநாலு. முகம் கழுவி, திருநீறு பூசி, கண்ணை மூடி நூறு வரை எண்ணினாள். எழுபத்தைந்து. படுத்தாள். எழுபத்தெட்டு. அப்போது போன் அடித்தது.

“அம்மா, டிக்கெட் மாறிருச்சுன்னு எனக்கும் மெசேஜ் வந்துச்சு, ஏத்தலியாமே? நாளைக்காவது வந்துருவல்ல?”

“வந்துருவேன் தங்கம். கண்டிப்பா.”

“நைட்டெல்லாம் தூக்கம் வர்றதில்லம்மா. கண்ண மூடுனா திரும்பத் தொறக்காதோன்னு இருக்கு.”

“வாயக் கழுவு! ஒண்ணும் ஆகாது. அம்மா சொல்றேன்ல, ஒண்ணுமே ஆகாது.”

“இன்னொரு தடவ சொல்லு.”

“ஒண்ணும் ஆகாது தங்கம்.”

போனை வைத்தபோது மானியில் எண்பத்தொன்பது. இப்படியே விடிந்தால் வாயில் திறக்காது. வாயில் திறக்காவிட்டால் பிள்ளை கையெழுத்துப் போட மாட்டாள். மரகதவல்லி கட்டிலில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மானி தொண்ணூற்றிரண்டு என்றது. சனியன் பிடித்த பெட்டி! அழக்கூட விடாதா?

கீழே போய் அருள்தாஸைக் கூட்டி வந்தாள்.

“ஒரு விஷயம் நல்லாக் கேட்டுக்குங்கம்மா,” என்றார் அவர், சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு. “படுத்ததும் அது கேக்கும், எது நடந்துடுமோன்னு பயப்படுறீங்கன்னு. பட்டுனு ஒடச்சு சொல்லிடணும். இன்னாருக்கு இன்னது ஆயிடுமோன்னு முழுசா. வாயில என்ன சொல்றீங்களோ அதத்தான் எடுக்கும். மனசுல இருக்கறது அதுக்குத் தெரியாது.”

“சரிங்க.”

“முழுசா சொல்லுவீங்கல்ல?”

“சொல்லுவேங்க.”

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். வெளியே தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. விளக்கு வைக்கிற நேரம். கட்டில் இளஞ்சூடாக முனகியது. தலைக்குப் பின்னால் ஒரு பெண் குரல், செய்தி வாசிப்பது போல, பொறுமையாகக் கேட்டது.

“எது நடந்துவிடும் என்று அஞ்சுகிறீர்கள்?”

“என் மகளுக்கு…” என்றாள் மரகதவல்லி. மேற்கொண்டு நாக்கு எழவில்லை. அந்த ஒரு வார்த்தை தொண்டை வரை வந்து நின்றது. பெற்ற வாயால், அதுவும் விளக்கு வைக்கிற நேரத்தில், பிள்ளை அங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது, அதை எப்படிச் சொல்வாள்? சொல்லிவிட்டால் நடந்துவிட்டதற்குச் சமம் இல்லையா?

“நிகழ்வை முழுமையாகச் சொல்லுங்கள்.”

“அவளுக்கு அது… அந்த இது…”

“புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள். இது கடைசி வாய்ப்பு.”

மானி தொண்ணூற்றாறு என்றது. மரகதவல்லி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கெட்டதைச் சொல்ல வேண்டாம். நல்லதை மட்டும் சொன்னால் போதும், மிச்சம் அதற்கே தெரியும். இத்தனை பெரிய இயந்திரத்துக்கு இது தெரியாமலா போகும்?

“நிறைமதி,” என்றாள்.

“நிறைமதி. சரியா?”

“ஆமா.”

“நன்றி. உறங்குங்கள்.”

காலையில் அலாரம் அடிக்கும் முன்பே விழிப்பு வந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு உடம்பு லேசாக இருந்தது. நிதானமாகத் தலைக்குக் குளித்தாள். மஞ்சள் புடவையை எடுத்து மடிப்பு வைத்துக் கட்டினாள். போன் இரண்டு தடவை அடித்தது. ஈரத் தலையோடு ஏன் எடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டாள். கீழே வந்து சாவியை மேசையில் வைத்தாள்.

“நல்லா தூங்கினீங்களாம்மா?” என்று அருள்தாஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

“அருமையான தூக்கம். போறேங்க.”

“போயிட்டு வரேன்னு சொல்லுங்கம்மா.”

“எல்லாம் ஒண்ணுதானே?”

அருள்தாஸின் முகம் சுருங்கிவிட்டது. “நேத்து என்னம்மா சொன்னீங்க அதுகிட்ட? முழுசா சொன்னீங்களா?” என்று மேசையைச் சுற்றிக்கொண்டு எழுந்து வந்தார். இந்த ஆளுக்கு என்ன வந்தது என்று மரகதவல்லிக்குப் புரியவில்லை. பதில் சொல்ல நின்றால் நேரமாகிவிடும் என்று பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தாள். சந்து முனைக் கடையில் மூன்று இட்லி சாப்பிட்டாள். சட்னி நன்றாக இருந்ததால் இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

வாயிலின் நெற்றியில் ஒன்பது என்று பச்சையாக எரிந்தது.

“பாத்தீங்களா! நான் சொன்னேன்ல?” என்றார் நேற்றைய சீருடைக்காரர், தானே பரீட்சையில் தேறியது போல. கண்ணாடிக் கதவு ஓசையில்லாமல் விலகியது.

உள்ளே காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்த பிறகுதான் அவள் போனை எடுத்துப் பார்த்தாள். திரையில் நிறைமதி என்ற பெயரும் அவள் படமும் வந்தன. மகள். பிறந்தது திண்டுக்கல் ஆஸ்பத்திரியில், இரண்டே முக்கால் கிலோ. ரசம் சாதம் பிடிக்கும். எல்லாம் தெரிந்தது, ரேஷன் கார்டு எண் தெரிவது போல.

“அம்மா! உள்ள விட்டுட்டாங்களா?”

“விட்டுட்டாங்க. ஒம்பது.”

“அப்பாடா! எத்தன தடவ கூப்பிட்டேன், எடுக்கவே இல்லையே. உயிரே போயிருச்சு.”

“இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.”

நிறைமதி சிரிப்பும் அழுகையுமாக மூக்கை உறிஞ்சினாள். “டாக்டர் ராத்திரி வந்தப்பவும் கேட்டாரும்மா. அம்மா வந்துரும், வந்ததும் போட்டுத் தாரேன்னு சொல்லிட்டேன். ரொம்பப் பயமா இருக்கு. அதச் சொல்லேன். ஒரு தடவ சொல்லு.”

“எத?”

“அதான், எப்பவும் சொல்லுவியே.”

மரகதவல்லி யோசித்துப் பார்த்தாள். எதைக் கேட்கிறாள் என்று நினைவு வந்தது. ஆனால் அது உண்மை இல்லையே.

“பாதிக்குப் பாதின்னு டாக்டரே சொல்லிட்டாருல்ல. பொழச்சாப் பொழப்ப. செத்தா செத்துப்போவ. கையெழுத்துப் போடுறதும் போடாததும் உன் இஷ்டம். இதுல அழுவுறதுக்கு என்ன இருக்கு?”

அந்த வார்த்தை நாக்கில் எங்கும் இடறாமல் வெளியே வந்தது.

 பிறகு நிறைமதியின் குரல் வந்தது. தெரியாத ஆளிடம் பேசுகிற மரியாதையோடு வந்தது.

“யாருங்க பேசுறது?”

“நான்தான்.”

“எங்க அம்மாகிட்ட போனக் குடுங்க.”

“நான்தான் பேசுறேன்.”

“இல்லங்க. ப்ளீஸ். எங்க அம்மாகிட்ட குடுங்க. அவங்க பக்கத்துலதான் இருப்பாங்க. ஒரு நிமிஷம் குடுங்களேன்.”

மரகதவல்லி பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். அது காலியாகத்தான் இருந்தது. விமானத்துக்கு அழைப்பு வந்துவிட்டதால் போனைப் பைக்குள் போட்டுவிட்டு வரிசையில் போய் நின்றாள். முன்னால் நின்றவர்களும் பின்னால் நின்றவர்களும் நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தார்கள். பைக்குள் போன் மறுபடி அடித்தது. வரிசை நெடுக இன்னும் ஏழெட்டுப் பைகளில் அதேபோல் அடித்துக்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை.